தாவளம் போடத் தம்புள்ளையில் ஓர் இடம்

நள்ளிரவில் மற்ற ஊர்கள் அடங்கிக் கிடக்க, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறிகள் வந்தபடி இருக்கும். நுவரெலியாவிலிருந்து கரட்டும் லீக்சும் கோவாவும் இறங்கும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த பீற்றூட் இறங்கும். இந்த மண்ணின் பெரிய வெங்காயம் மூட்டை மூட்டையாக ஏறும். 1999இல் திறக்கப்பட்ட இந்த மொத்தச் சந்தையில் பாரம் இறக்கத் தன் முறை வரும்வரை, சாரதி இருக்கையிலேயே காலை மடக்கிப் படுத்துக்கொள்கிறார். உதவியாளர் பின்னால் சாக்கு விரித்துக்கொள்கிறார். கதவுப் பையில் பற்தூரிகை, இருக்கைக்குப் பின்னால் மாற்றுச் சாரம், ஒரு கான் தண்ணீர், கண்ணாடிக்கு மேலே சாமிப்படம். அந்த லொறியின் முன்பக்கம் ஒரு வீடு.

வண்டியையே வீடாக்கி, நினைத்த இடத்தில் தங்கி, விடிந்ததும் கிளம்பும் பயணத்தை மேல்நாட்டாரின் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய பெரிய வாகனத்தைச் சினிமாவில் பார்த்திருக்கிறோம். சென்னையில் ‘கேரவன்’ என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. இலங்கையில் ‘கரவான்’ என்றால் நிசான் நிறுவனத்தின் வேன். இரண்டுக்கும் மூலமான பாரசீகச் சொல்லுக்குப் பொருள், பாலைவழியில் கூட்டமாகப் போகும் வணிகர் கூட்டம். அப்படிப் போன கூட்டத்துக்குத் தமிழில் ‘சாத்து’ என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான். பெருஞ்சாத்துக்குத் தலைவன் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

தம்புள்ளை வழிக்கு இன்னும் நெருக்கமான சொல் ஒன்றும் உண்டு: தாவளம். தமிழில் அது தங்குமிடத்தைக் குறிக்கும். இலங்கையிலோ, பொதி சுமக்கும் மாட்டுக் கூட்டத்துக்கே ‘தவளம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கண்டி மன்னர் காலத்தில் வண்டி போகும் பாதைகள் அரிது. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மாட்டு முதுகில் ஏறி மலைநாட்டுக்குப் போயின. பாக்கு அங்கிருந்து இறங்கி வந்தது. இந்தப் போக்குவரத்துக்கென்றே அரசில் ‘மடிகே பத்த’ என்ற தனிப்பிரிவு இருந்தது. அதில் பெரும்பாலும் முஸ்லிம்கள் பணிபுரிந்தார்கள். பகல் ஏறும் முன் நடந்து, வெயில் உச்சிக்கு வந்ததும் நீர்நிலையோரம் பொதியிறக்கி, மாட்டை மேயவிட்டுச் சமைத்து உண்டு உறங்கிய அந்த மனிதர்களுக்கு இந்த வறண்ட சமவெளியின் வெயிலும் நீரும் மனப்பாடம்.

கூடாரமும் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 1660இல் கண்டி அரசிடம் சிறைப்பட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் தாளிப்பனை ஓலையை வியந்து எழுதியிருக்கிறார். ஓர் ஓலையே பதினைந்து, இருபது பேருக்கு மழை மறைப்பாகும். மடித்தால் விசிறிபோல ஒடுங்கிக் கைப்பருமன் ஆகும். போர்வீரர்கள் அதைக் கூடவே கொண்டுபோய்க் கூடாரம் போட்டார்கள் என்கிறார். நொக்ஸ் தப்பி ஓடிய வழியும் இந்தப் பக்கத்துக் காடுகள்தான். கலாவெவ, அநுராதபுரம் என்று வடக்கே போய், மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டு அரிப்புவில் கடலைக் கண்டார்.

உலகில் பொழுதுபோக்குக்கென்றே கட்டப்பட்ட முதல் வீட்டு வண்டி அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர், ‘வொண்டரர்’ என்று பெயரிட்ட குதிரை வண்டி ஒன்றைப் பிரிஸ்டலில் கட்டுவித்துப் பிரித்தானியாவைச் சுற்றினார். 1950களில் ஜெர்மனியின் ஃபோல்க்ஸ்வாகன் வேனுக்குள் மடிப்புக் கட்டிலும் அலமாரியும் புகுந்தன. அங்கிருந்து இது ஒரு தொழிலாயிற்று.

இந்தப் பயணத்துக்கு இலங்கையில் எந்த ஊர் நடுவம் என்று கேட்டால், வரைபடமே தம்புள்ளையைக் காட்டும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும், அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலை போகும் ஏ6 வீதியும் இங்கே சந்திக்கின்றன. கண்டிக்கு 72 கிலோமீற்றர். திருகோணமலைக் கடற்கரைக்கு நூற்றுச் சொச்சம். சிகிரியா அரை மணிப் பயணம். வடக்கே அநுராதபுரமும் கிழக்கே பொலன்னறுவையும் ஏறத்தாழ ஒரே தொலைவு.

தூரத்தைவிடப் பெரிய காரணம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்கு, தெற்குக் கடல்கள் கொந்தளிக்கும். நிலாவெளியும் பாசிக்குடாவும் அறுகம்பேயும் அப்போது அமைதியாக இருக்கும். நவம்பருக்குப் பிறகு நிலைமை தலைகீழ். மீனவர்கள் இந்தக் கணக்கைத் தலைமுறைகளாக அறிவார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் குடும்பங்கள் பருவம் பார்த்துக் கிழக்குக் கரைக்குப் போய்த் தற்காலிகக் குடிலான ‘வாடி’ அமைத்துத் தொழில் செய்து, காற்று மாறியதும் திரும்புவது பழைய வழக்கம். அந்த வாடிதான் ஆங்கிலேயர் கட்டிய ‘ரெஸ்ட் ஹவுஸ்’ தமிழில் ‘வாடிவீடு’ ஆனபோதும் கூட வந்தது. தம்புள்ளையிலும் ஒரு வாடிவீடு இருந்தது. எந்தப் பருவத்தில் எந்தக் கடலுக்குப் போனாலும் இடையில் ஓர் இரவு தங்கத் தோதான ஊர் இது.

ஏ9 வீதி போகும் இந்த வழியில் இன்னொரு பயணமும் நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் தம்புள்ளையில் தங்கிப் போகும் இன்பத்தைப் பற்றித் தமிழில் எழுதுவது முறையாகாது. 1823 முதல் பெருந்தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்த வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். 250 கிலோமீற்றருக்கு மேல். கைக்குழந்தையோடு, அரைப்பட்டினியோடு, காட்டுக்குள் இரவு தங்கி நடந்தவர்களில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம். விழுந்தவரை வழியில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்கள் மண்ணில் படுத்த இடங்களில் தங்குமிடங்கள் போதிய அளவில் இருந்திருந்தால், கொதிக்கவைத்த தண்ணீர் கிடைத்திருந்தால், எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும்! 2023இல், இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயரில் மக்கள் ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு நடந்து சேர்ந்தார்கள். ஏ9 வீதியில் குளிரூட்டிய வேனில் போகும் நமக்கு அந்த நடையின் நினைவு இருக்க வேண்டும்.

அன்று அந்த வழியில் எமனாக நின்ற மலேரியா இன்று இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வறண்ட வலயத்தில் வெளியில் ஓர் இரவு உறங்குவதற்கு இதைவிடப் பெரிய அனுமதிச்சீட்டு கிடையாது. டெங்கு இன்னும் ஓயவில்லை என்பதால் கொசுவலை மட்டும் கட்டாயம்.

இன்று இந்த வழியில் வண்டியோடு தங்கிப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் யாத்திரிகர்கள். பொசொன் போயா நாட்களில் மிகிந்தலைக்கும் அநுராதபுரத்துக்கும் போகும் சிங்களக் குடும்பங்கள், பஸ்சின் தட்டில் அண்டா, குண்டான், விறகு, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வருவார்கள். சிவனொளிபாதமலைக்குப் போகும் வண்டியின் முகப்பில் கமுகம்பாளை கட்டியிருக்கும். தோட்டப்புறத்திலிருந்து திருக்கேதீஸ்வரத்துக்கும் நயினாதீவுக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கும் போகும் தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான். ஒரு ‘டொல்பின்’ வேனில் மூன்று தலைமுறை. கட்டிக்கொண்டு வந்த புட்டும் சம்பலும் தம்புள்ளையில் ஒரு மரத்தடியில் அவிழும். இது பல்லாயிரம் குடும்பங்கள் ஆண்டுதோறும் செய்யும் பயணம். படுக்கை மட்டும் வண்டிக்குள் இல்லை.

படுக்கையும் வைத்த வேன்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. பழைய ஹையேஸ் வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி, பலகைக் கட்டிலும் சிறு அடுப்பும் பொருத்தி வாடகைக்கு விடுகிறார்கள். முச்சக்கரவண்டியின் கூரையில் கூடாரம் கட்டி ஓட்டும் வெளிநாட்டு இளைஞர்களையும் ஏ6 வீதியில் காணலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதனால் புதிய வீட்டு வண்டி வாங்குவதைவிட, கையிலிருக்கும் வேனைத் தச்சரிடமும் ஒட்டுவேலைக்காரரிடமும் கொடுத்து மாற்றுவதே இங்கு நடைமுறை. 2025 ஓகஸ்ட் முதல் வெளிநாட்டவருக்குத் தற்காலிகச் சாரதி அனுமதிப்பத்திரம் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கொடுக்கப்படுகிறது. தாமே வண்டி ஓட்டிச் சுற்றுவோர் கூடத்தான் போகிறார்கள்.

ஆனால் குளிர்நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு இங்கே வந்தால் முதல் நாளே துன்பம். அங்கே வண்டி காக்க வேண்டியது வெதுவெதுப்பை. இங்கே எதிரி வெப்பம். தம்புள்ளையில் ஆண்டின் பெரும்பகுதியில் பகல் வெப்பம் 30 பாகைக்கு மேல். ஏப்ரல் வெயிலில் 33ஐத் தாண்டும். அந்த வெயிலில் கண்ணாடி ஏற்றிய வேனின் உள்ளே ஒரு மணி நேரத்துக்குள் 50 பாகையைத் தொட்டுவிடும். குழந்தையையோ நாயையோ ஐந்து நிமிடம்கூட உள்ளே விட்டுப் போகக் கூடாது. பகல் முழுக்கக் காய்ந்த தகரம் இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கும்.

ஆகவே எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் அன்றைய உறக்கம் இருக்கிறது. பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து விழும். மேற்குப் பக்கம் மரம் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். எதிரெதிர் பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் வலையடித்துத் திறந்தால்தான் காற்று ஓடும். தென்னைக்கு அடியில் நிறுத்தக் கூடாது, காய்ந்த கொப்புள்ள மரத்துக்கு அடியிலும் கூடாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை சட்டென்று வரும், கொப்பு முறியும். ஜனவரி கடைசியும் பெப்ரவரியும் இரவு குளிர்ந்திருக்கும் நல்ல மாதங்கள். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைதான் இப்பகுதியின் பெருமழை. அப்போது குளக்கரைச் சேற்றில் சக்கரம் புதைந்தால் இழுத்தெடுக்க உழவு இயந்திரம் தேட வேண்டியிருக்கும்.

நிழலைப் பற்றித் தம்புள்ளையிடமே ஒரு பாடம் இருக்கிறது. கண்டலம வீதியில் பொப்ஹம் மரப்பூங்கா உள்ளது. தேயிலைத் தோட்டக்காரராக இருந்த சாம் பொப்ஹம் என்ற ஆங்கிலேயர் 1963இல் இங்கே காடழிந்த புதர்நிலத்தை வாங்கிக் கன்றுகளை நட்டுப் பார்த்தார். அவை பிழைக்கவில்லை. பிறகு முள்ளையும் புதரையும் மட்டும் வெட்டிவிட்டு, மண்ணுக்குள் தாமாகக் கிடந்த வேரும் விதையும் எழும்ப இடம் கொடுத்தார். பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் தாமாகவே உயர்ந்தன. நட்டு வளர்க்க முடியாத நிழலை, தடையை நீக்கி வளர்த்த இடம் அது. வண்டி தரிப்பிடம் அமைக்கிறோம் என்று காட்டைத் தள்ளிக் கல் பதிக்கும் எவரும் முதலில் அங்கே ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.

மின்சாரத்துக்கும் நிழலுக்கும் ஒரு வழக்கு உண்டு. 12 வோல்ற், 100 அம்பியர்-மணிப் பற்றரியில் ஏறத்தாழ 1200 வாற்-மணி சக்தி இருக்கும். ஈயப் பற்றரியானால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். 25 வாற் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 200 போகும், அது தாங்கும். 1000 வாற் குளிரூட்டியைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ முழுப் பற்றரியும் காலி. கூரையில் சூரியத் தகடு வைத்தால் வெயிலில் நிறுத்த வேண்டும். வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருக்க முடியாது. அனுபவசாலிகள் தகட்டைக் கழற்றி நீண்ட வயரோடு வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு, வண்டியை மரத்தடியில் விடுகிறார்கள். இயந்திரத்தை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதை மட்டும் எவரும் செய்யக் கூடாது. புகையிலுள்ள கார்பனோரொட்சைட்டுக்கு மணமில்லை; தூக்கத்திலேயே கொன்றுவிடும். மூடிய வேனுக்குள் எரிவாயு அடுப்பு ஏற்றுவதும் அதே ஆபத்து. அடுப்பு எப்போதும் வெளியில்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வறண்ட வலயத்துக் கிணற்றுநீரில் கடினத்தன்மையும் பல இடங்களில் புளோரைட்டும் அதிகம். பக்கத்து வடமத்திய மாகாணத்தை வாட்டும் சிறுநீரக நோயை எல்லோரும் அறிவோம். உள்ளூர் மக்கள் பலரே வடிகட்டிய நீரைக் கானில் வாங்கித்தான் குடிக்கிறார்கள். இந்த வெப்பத்தில் ஓர் ஆளுக்கு நாளுக்கு மூன்று, நான்கு லீற்றர் குடிநீர் வேண்டும். சமையலுக்கும் கழுவலுக்கும் தனிக் கான்.

பிறகு யானை. கண்டலமக் குளத்தைச் சுற்றியும் ஹபரணை, மின்னேரியாப் பக்கமும் யானை நடமாடும் பூமி. ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாக் குளத்து நீர் வற்றி, கரையில் புல் தளிர்க்கும்போது நூற்றுக்கணக்கில் கூடும். அந்தக் காட்சியைப் பார்க்க உலகமே வருகிறது. ஆனால் யானைக்கு நெல்லும் அரிசியும் உப்பும் வாழைப்பழமும் மணத்திலேயே தெரியும். அரிசிக்காக வீட்டுச் சுவரையே இடித்த கதைகளை இந்த ஊர்களில் எந்தக் கடையிலும் கேட்கலாம். வேன் கதவு அதற்கு ஒரு தடையில்லை. குளத்து அலைகரையில், காட்டோரத்தில், மின்வேலிக்கு வெளியே இரவில் வண்டி நிறுத்துவது மடமை. தேசியப் பூங்காக்களில் தங்க வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன் அனுமதியும் ஒதுக்கிய முகாமிடமும் வேண்டும். அனுமதியின்றித் தங்குவது குற்றம். வீதியோரம் நிற்கும் யானைக்குப் பழம் கொடுக்கும் வாகனக்காரர்கள், அடுத்து வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது கழிவு. நான்கு பேர் தங்கும் ஒரு வண்டி நாளுக்கு ஒரு வாளி கழிப்பறைக் கழிவும் சில வாளி கழுவிய நீரும் தரும். மேல்நாட்டு முகாமிடங்களில் அதை ஊற்றக் குழி உண்டு. இங்கே அந்த வசதி பழக்கத்துக்கு வரவில்லை; வாய்க்காலிலோ குளக்கரையிலோதான் போய்ச் சேரும். கண்டலமக் குளத்தைப் பற்றித் தம்புள்ளை மக்களுக்கு இந்தக் கவலை முன்பே இருந்தது. ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெரிய ஹோட்டல் 1994இல் திறக்கப்படும் முன்னர், குளமும் ஊரும் கெட்டுவிடும் என்று பிக்குமாரும் ஊராரும் பெரும் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தக் குளத்து நீரில் வயல் விளைகிறது, ஊர் குளிக்கிறது. வண்டியில் வருகிறவர்கள் அதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் முன்னோர் பதில் வைத்திருந்தார்கள். சிங்கள ஊர்களில் வழிப்போக்கருக்கென்று ‘அம்பலம’ கட்டினார்கள். குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலமவின் மரச்செதுக்கு இன்றும் கண்ணைப் பறிக்கும். யாழ்ப்பாணத்தில் வீதிக்கு மேலேயே கூரை போட்ட பருத்தித்துறைத் தெருமூடிமடம் நிற்கிறது. மடத்துக்கு அருகே கிணறோ கேணியோ இருக்கும். தலைச்சுமையை ஆள் துணையின்றி இறக்கி ஏற்றச் சுமைதாங்கி. மாடு முதுகு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல். மனிதனுக்கு நிழல், நீர். சுமைக்கு ஓர் இடம். வண்டி இழுக்கும் உயிருக்கும் ஓர் ஆறுதல். ஒரு தரிப்பிடத்துக்கு வேண்டிய அத்தனையும் அந்தக் கற்களில் உண்டு. தம்புள்ளைக் குகை விகாரையில்கூட, மழைநீர் உள்ளே வழியாமல் பாறை நெற்றியில் வெட்டிய விளிம்பைப் பார்க்கலாம். ஈராயிரம் ஆண்டுக்கு முன் தங்கிய துறவிகளுக்கான மழைத்தடுப்பு அது.

அண்டை நாட்டில் வேலை தொடங்கிவிட்டது. இந்திய மத்திய அரசு 2010இலேயே வீட்டு வண்டிகளுக்கும் அவற்றின் தரிப்பிடங்களுக்கும் ஒரு கொள்கை வெளியிட்டது. கேரளம் 2021இல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்து, மறு ஆண்டே வாகமண்ணில் முதல் தரிப்பிடத்தைத் திறந்தது. இலங்கையில் தொடங்கத் தம்புள்ளையைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தம்புள்ளை மாநகர சபையும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையும் பெரிய ஹோட்டலுக்குரிய செலவு செய்ய வேண்டியதில்லை. நகரத்துக்கு அருகே, யானைத் தடத்துக்கு விலகி, இருக்கும் மரங்களை விட்டுவைத்த இரண்டு ஏக்கர் நிலம், வடிகட்டிய குடிநீர், பெண்கள் அச்சமின்றிப் போகக்கூடிய, வெளிச்சமுள்ள கழிப்பறையும் குளியலறையும், கழிவு ஊற்ற மூடிய தொட்டி, பற்றரி ஏற்ற மின்செருகி, சமைக்க ஒரு தனிக் கொட்டகை, மூன்று மொழியிலும் அறிவிப்பு. அங்கே டென்மார்க்கிலிருந்து வந்த தம்பதிக்கு இடமிருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து நயினாதீவுக்குப் போகும் குடும்பத்துக்கும், வெங்காயம் ஏற்றக் காத்திருக்கும் லொறிச் சாரதிக்கும் அவர்களால் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் இடமிருக்க வேண்டும். பயணிக்கென்று கட்டி, சாரதியை வேலிக்கு வெளியே படுக்க வைத்தால் அது தரிப்பிடமாகாது.

அப்படியொரு இடம் வரும்வரை வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தம்புள்ளை மரத்தடியில் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்கும்போது, வேனில் ஒரு வெறும் சாக்கு இருக்கட்டும். லஞ்ச் சீற்றும் போத்தலும் எஞ்சிய சோறும் அதில் ஏறி உங்களோடு வீடு வரை வரட்டும். தம்புள்ளையைச் சுற்றியுள்ள குப்பைமேடுகளில் யானைகள் பொலித்தீன் தின்னும் காட்சி இந்த நாட்டுக்குப் போதும்.